நாந்தேன்

எங்கள் ஊரில் ஒரு குடம் உடைந்தால் உடைந்த குடத்தை யாரும் பார்ப்பதில்லை. அவரைத்தான் பார்ப்பார்கள். அவர் எங்கே நின்றாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தேன்" என்பார்.

அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைச் சொல்லி ஊரில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. இப்போது போய் அதை எழுதி எங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ராமநாதபுரத்துப் பக்கத்து மனுஷர். அவர் வாயில் 'நான்தான்' என்பது அப்படித்தான் வரும். அதையே பேராக வைத்துவிட்டோம். சின்னப் பிள்ளைகள்கூட, "நாந்தேன், இங்க வா" என்று கூப்பிடும். நான் மட்டும் சித்தப்பா என்பேன். அம்மா சொல்லிக்கொடுத்தது.

எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் கால்வாயுமாக நடுவில் கிடந்த மணல் மேட்டில் இருந்தது எங்கள் ஊர். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சில குடும்பங்கள் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சவுக்கு வைத்து உண்டாக்கின ஊர். கன்றுகளுக்கு நடுவே முதல் வருஷங்களில் மணிலாக்கொட்டை போடுவோம், கேழ்வரகு போடுவோம். மரம் உயர்ந்து நிழல் விழுந்த பிறகு அதுவும் கிடையாது. வெட்டின கட்டையைப் படகில் ஏற்றினால் கால்வாய் வழியாகப் பட்டணம் போகும். ஜப்பான் சண்டைக் காலத்தில் எரிக்க ஒன்றும் கிடைக்காமல் பட்டணத்து ஜனங்கள் எங்கள் படகுக்குக் காத்துக்கிடந்தார்கள். "நம்ம கோடாலி எறங்கினாத்தான் திருவொத்தியூர்ல உல கொதிக்கும்" என்று என் அப்பா சொல்வார். அது நிஜம்தான். நாங்கள் யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவர்கள். தோப்பு எல்லார் வீட்டுக்கும் பொது. இது உன் வரிசை, இது என் வரிசை என்று கிடையாது. எல்லாரும் நடுவோம், எல்லாரும் தண்ணீர் ஊற்றுவோம், வெட்டினால் சமமாகப் பிரிப்போம். அப்பாதான் ஊருக்குப் பெரியவர்.

அந்தச் சண்டைக் காலத்தில்தான் அவர் வந்தார். ரங்கூனில் மரம் அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே குண்டு விழுந்ததும் காடு மலை எல்லாம் நடந்து தப்பி வந்தவர்களில் ஒருவர். தப்பி வந்தது அவர் மட்டும்தான் என்று அம்மா சொல்வாள். மற்றவர்களைப் பற்றி அவர் பேசினதில்லை.

வந்த மறுநாளே ஒரு காரியம் நடந்தது. கால்வாய்க் கரையில் ஏற்றி வைத்த கட்டைக்குக் கட்டின கயிறு அவிழ்ந்து பாதிக் கட்டை தண்ணீரில் போய்விட்டது. படகுக்காரன் குதித்தான்.

"எவன்டா கயித்தக் கட்டினது? எந்தப் பேமானி?"

கட்டினது என் பெரியப்பா. அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது ஓரமாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த இந்த மனுஷர் எழுந்து, "நாந்தேன்" என்றார்.

"நீ இன்னாத்தக் கட்டினே? நேத்து சாயங்காலம்தானேய்யா வந்தே?"

"நாந்தேன் கட்டுனேன். எடுத்துத் தந்துர்றேன்."

சொன்னபடியே தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு கட்டையாகத் தள்ளிக்கொண்டு வந்து கரையேற்றினார். படகுக்காரனுக்குத் திட்ட வாய் வரவில்லை. அன்றைக்கு அப்பா, "இந்த ஆளு இங்கியே இருக்கட்டும்" என்றார். இரக்கத்தால் சொன்னார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒரு முறை மேலண்டை வீட்டுக்காரியின் ஆடு சவுக்குக் கன்றுகளுக்குள் புகுந்து மேய்ந்துவிட்டது. படலைத் திறந்து போட்டது யார் என்று அவளுக்கும் கீழண்டை வீட்டுக்காரிக்கும் சண்டை. ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடிக்கிற அளவுக்கு வந்தது. அவர் நடுவில் போய் நின்றார். "படலத் தொறந்து போட்டது நாந்தேன் தாயி. மறந்துட்டேன்." ரெண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். திட்டி முடித்ததும் ரெண்டு பேரும் ஒன்றாகவே சவுக்குச் சுள்ளி, மிலாறு பொறுக்கப் போனார்கள்.

இப்படியே பழகிவிட்டது. பெண்கள் அவரைக் கேலி பேசுவார்கள்.

"ஏய்யா நாந்தேன், எம் புருசன் குடிச்சிட்டு வந்து கதவ ஒடச்சிட்டாரு. அதுவும் நீதானா?"

"ஆமா மதினி. நாந்தேன் ஊத்திக் குடுத்தேன்."

"உனுக்கு அந்த வாசனகூட ஆவாதே."

"அதான் அவருக்குக் குடுத்துட்டேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அம்மா ஒருத்திதான் சிரிக்க மாட்டாள். ஒரு நாள் கூழ் ஊற்றும்போது கேட்டுவிட்டாள். "எதுக்குப்பா இப்டி எல்லார் பாவத்தயும் இஸ்து மேல போட்டுக்கற?"

அவர் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்துச் சொன்னார். "உங்களுக்கெல்லாம் மாமியா இருக்கா, மச்சினன் இருக்கான், கட்டிக்குடுக்கப் பொண்ணு இருக்கு. ஒரு பேச்சு வந்தா அத வீடு வரைக்கும் சொமக்கணும். எனக்கு யாரு இருக்கா? திட்டு என் மேல விழுந்தா விழுந்த எடத்துலயே கெடக்கும். தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல."

அம்மா அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

பிறகு அவருக்கும் ஒரு ஆள் வந்தாள்.

திருவொற்றியூரில் எங்கள் கட்டையை வாங்கி விற்கிற விறகுத் தொட்டி ஒன்று இருந்தது. தொட்டிக்காரரின் தங்கச்சி அங்கே தராசில் நிறுத்துப் போடுவாள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து செத்துப்போனவன். எங்கள் ஜனத்தில் அப்படிப்பட்ட பெண் மறுபடி தாலி கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. அவர் படகோடு போய்க் கட்டை இறக்கும்போது பார்த்துப் பழக்கம். ஒரு நாள் ஈரக்கட்டை ஏற்றி அனுப்பியது யார் என்று அவள் சத்தம் போட, இவர் வழக்கம்போல நாந்தேன் என்றிருக்கிறார்.

அவள் தராசை விட்டுவிட்டு இவரைப் பார்த்தாளாம். "இன்னாய்யா நீ, எதக் கேட்டாலும் நாந்தேன்ற. செஞ்சதுக்குச் சொல்றியா, செய்யாததுக்குச் சொல்றியா?"

"ரெண்டுக்குந்தேன்."

"எங்கிட்ட அது வேணாம். செஞ்சா செஞ்சேன்னு சொல்லு. செய்யலன்னா இல்லன்னு சொல்லு. அப்டி இருந்தா எங்க அண்ணனாண்ட வந்து பேசு."

இதை அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கோடாலியை எடுத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கூராக இருந்த கோடாலி அது.

அதற்குப் பிறகு ஊர் ஒன்றைக் கவனித்தது. நான் ஊற்றண்டை கால் தடுக்கி விழுந்து குடத்தை உடைத்துவிட்டேன். அத்தை ஓடி வந்து, "யாரு ஒடச்சது?" என்று கேட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் இல்ல தாயி" என்று சொல்லிவிட்டுத் தன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு முதுகில் விழுந்தது. அடி வலித்ததைவிட அவர் மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. எனக்குச் சேர வேண்டியதை அவர் தராமல் போய்விட்ட மாதிரி. ஊரிலும் எல்லாருக்கும் அந்தக் கோபம் வந்தது. "பொண்ணு கெடைக்கப் போவுதுன்னு மப்பு ஏறிப்போச்சு" என்றார் பெரியப்பா.

அந்தக் கோடையில்தான் அது நடந்தது.

சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் ஊற்று தோண்டுவோம். இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே நிற்பது மழைத் தண்ணீர். அதன் அடியில் கடல் படுத்திருக்கிறது. ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் உப்பு மேலே வந்துவிடும். இடுப்புக்குக் கீழே மண்வெட்டி போகக் கூடாது என்பது எங்கள் ஊரின் கட்டுப்பாடு. பிள்ளைகளுக்கும் தெரியும். போட்டவர் என் அப்பா.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊற்றில் தண்ணீர் சுரக்கவில்லை. ஒரு குடம் எடுத்தால் அடுத்த குடத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாக நட்ட கன்றெல்லாம் தலை தொங்கி நின்றது. ஒரு நாள் படகுக்குக் கட்டை ஏற்ற எல்லாரும் தோப்புக்கும் கரைக்குமாக அலைந்துகொண்டிருந்தோம். சாயங்காலம் திரும்பி வந்தால் ஊற்று நிறையத் தண்ணீர். சாமி கண் திறந்தது என்று பெண்களெல்லாம் குடம் குடமாக மொண்டு ஊற்றினோம். குடிக்கிற ஊற்று வேறு. இதை யாரும் வாயில் வைப்பதில்லை. அதனால் உப்பு ஏறினது தெரியவில்லை. கன்று நுனியிலிருந்து சிவந்து கருகத் தொடங்கின பிறகுதான் பெரியப்பா கையால் அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார். கழியை விட்டுப் பார்த்தால் குழி நெஞ்சளவு போயிருந்தது.

தோண்டினவர் என் அப்பா. இதை அம்மா எனக்குச் சொன்னது ரொம்ப வருஷம் கழித்து, அப்பா செத்த பிறகு. கன்று வாடுவதைப் பொறுக்காமல், ஒரு சாண் போனால் என்ன ஆகிவிடும் என்று தனியாக இறங்கி வெட்டியிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவர் போட்ட கட்டுப்பாடு, அவரே மீறினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா, "போயி சொல்லிட்டு வந்துடுங்க" என்றாளாம். அப்பா சொன்ன பதில் இது: "இன்னாத்துக்கு? கூட்டம் போட்டா அவன் ஒத்துக்குவான்."

ஊற்றண்டையிலேயே கூட்டம் போட்டார்கள். அன்றைக்குப் படகில் தொட்டிக்காரரும் வந்திருந்தார், மாப்பிள்ளை இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போக. அவரைத் தென்னங்கீற்றுப் போட்டு உட்காரவைத்திருந்தோம்.

அப்பா கேட்டார். "யாரு தோண்டினது? இப்பவே சொல்லிட்டா நல்லது."

எல்லாத் தலையும் மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது.

"இன்னாப்பா, சொல்லேன்" என்றார் பெரியப்பா. "ஊரே காத்துகினு கீது."

"நான் இல்ல."

யாரோ சிரித்தார்கள். "அவுரு இல்லியாம். மாப்ள ஆவப் போறாரு இல்ல."

"நான் தோண்டல. சத்தியமா நான் இல்ல."

"ஆட்ட வுட்டது நீ. கயித்த வுட்டது நீ. இது மட்டும் எப்டி நீ இல்லாம பூடும்?"

அவர் தொட்டிக்காரரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "அதுவும் நான் இல்ல. ஆடு நான் இல்ல, கயிறு நான் இல்ல. நான் இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து ஒண்ணுமே நான் இல்ல."

அதோடு கூட்டம் மாறிவிட்டது. அதுவரைக்கும் கன்று போன வருத்தம்தான் இருந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் தன் தன் கணக்கு ஞாபகம் வந்தது. மேலண்டை வீட்டுக்காரி எழுந்தாள். "அப்ப படல நான் தொறந்து வுட்டேன்றியா?"

"நான் யாரயும் சொல்லல தாயி."

"சொல்லாமச் சொல்றியே."

கீழண்டை வீட்டுக்காரி அவளோடு சேர்ந்துகொண்டாள். பெரியப்பா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "கயிறு கட்டத் தெரியாதவனா நானு? இவ்ளோ நாளு சோறு போட்ட ஊர இல்ல பொய்யின்றான் இவன்" என்றார். அந்த மனுஷர் சொன்னது உண்மையாகிவிட்டால் அத்தனை வருஷத்துப் பழியும் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். அதற்கு யாரும் தயாராக இல்லை. அவர் பொய்யனாக இருந்தாக வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஆக்கினோம். ஊர் ஒற்றுமை என்று நான் பெருமையாகச் சொல்வேனே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பா கையைத் தூக்கி அமர்த்தினார். "வுடுங்க. செஞ்சவன் மனசுக்குத் தெரியும்." அந்த வார்த்தையை எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தோப்பில் அவருக்கு இனிமேல் பங்கு இல்லை, வேண்டுமானால் கூலிக்கு இருக்கலாம் என்று முடிவு சொன்னார்.

தொட்டிக்காரர் எழுந்து வேட்டியை உதறினார். அப்பாவிடம் மட்டும் சொன்னார். "எதயும் மறைக்க மாட்டான்னு சொல்லித்தான் எந்தங்கச்சி சரின்னா. நான் வரேங்க." படகில் ஏறிவிட்டார்.

மறுநாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா தோண்டினதைத் தோப்புக்குள்ளிருந்து அவர் பார்த்திருக்கிறார். பார்த்திருந்தும் கூட்டத்தில் நான் இல்லை என்று சொன்னாரே தவிர, இவர்தான் என்று சொல்லவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

"அண்ணே, ஊருக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க மருவாத உங்களோட இருக்கட்டும். அந்தப் பிள்ள காதுல மட்டும் ஒரு வார்த்த போடுங்க. அது போதும் எனக்கு."

அப்பா தலை நிமிராமல், "போறேன்" என்றாராம்.

போகவும் செய்தார். அடுத்த படகிலேயே திருவொற்றியூர் போய்விட்டு வந்தார். வரும்போது எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார், பச்சையும் சிவப்புமாக. அவரிடம், "சொல்லிட்டேன்பா. யோசிச்சிச் சொல்றேன்னாங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படகு வரும்போதும் அவர் கரைக்குப் போய் நிற்பார். படகுக்காரன், "ஒண்ணும் சொல்லலியேப்பா" என்பான். இவர் கட்டையை ஏற்றத் தொடங்குவார். புதுக் கன்றுக்கும் அவர்தான் அதிகம் தண்ணீர் சுமந்தார். யாரும் கேலி பேசவில்லை. எது உடைந்தாலும் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த மரியாதையை அவர் கேட்டதில்லை. மழைக்கு முன்னே ஒரு நாள் படகில் கட்டையோடு அவரும் ஏறிப் போனார். நான் கரையில் மிலாறு கட்டிக்கொண்டிருந்தேன். வளையல் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தாயி" என்றார்.

அவர் போன பிறகு எங்கள் ஊரில் சின்னச் சின்னதாகச் சண்டை வந்தது. ஆடு மேய்ந்தால் சண்டை, கோடாலி காணாமல் போனால் சண்டை. ஒரு வீட்டார் ஒரு வீட்டாரோடு பேசுவதில்லை. அந்தத் தோப்பை வெட்டின வருஷம் நிலத்தையும் பங்கு போட்டு நடுவில் முள்வேலி வைத்தார்கள். அதுதான் பொதுவாக வெட்டின கடைசித் தோப்பு. எனக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த வருஷம்தான். இப்போது அந்த மணல்மேடே இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டி மூடிவிட்டார்கள். மூடின இடத்தைப் பற்றி நான் பெருமையாக எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். இவரைப் பற்றி மட்டும் பேசினதில்லை.

என்னைக் கட்டிக்கொடுத்தது திருவொற்றியூரில். அப்பா செத்து, அம்மா எல்லாவற்றையும் சொன்ன பிறகு, மனசு கேட்காமல் அந்த விறகுத் தொட்டியைத் தேடிப் போனேன். அவள்தான் தராசண்டை நின்றிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு தூக்கு விறகு கேட்டுவிட்டு, நான் இன்னாருடைய மகள் என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவுரு பொண்ணா நீ? வந்தாரே ஒரு தபா. உக்கார வெச்சி சோறு போட்டேன்."

"இன்னா சொன்னாருக்கா?"

"நல்லவன்மா அவன், தெரியாம செஞ்சிட்டான், மனசுல வெச்சிக்காத, நான் அவனுக்குப் பொறுப்புன்னாரு. எனுக்கு அழுகயே வந்துடுச்சி. அவ்ளோ பெரிய மனுசன், ஒரு கூலி ஆளுக்காக எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தாரேன்னு."

நான் விறகைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அப்புறம் ஏங்க்கா வேணாம்னீங்க?"

"தோண்டினதுக்கா வேணாம்னேன்? தோண்டிட்டு இல்லன்னுட்டானே. அவனாண்ட நான் கேட்டது அது ஒண்ணுதான். மொத மொதல்ல அவன் வாயத் தொறந்து இல்லன்னு சொன்னது, அதுவே பொய்யாப் பூடுச்சி. அதோட எனுக்கு வுட்டுப்போச்சி."

எங்கள் வீட்டார் யாரும் யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. நான் குனிந்துகொண்டுதான் சொன்னேன். "தோண்டினது எங்கப்பாக்கா. அவுரு இல்ல."

அவள் கையில் எடுத்த கட்டையைத் தட்டில் வைத்தாள். முள் ஆடி நிற்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் வந்து நின்ற ஒருத்தி, "சீக்கிரம் போடும்மா" என்றாள். அவள் காதில் விழவில்லை.

"இப்ப எங்க கீறாரு?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"எந்தத் தெசைக்குப் போனாரு?"

"தெரியாதுக்கா. யாரும் கேக்கல."

அவள் விறகைக் கட்டிக் கீழே வைத்தாள். தலைக்குத் தூக்கிவிட ஒரு கை வேண்டும். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சும்மாட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அவளே தராசைச் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.